போர்ப் படத்தில் இசை யார் காதுக்குக் கேட்கிறது?

போர்ப் படங்களின் இசையைப் பற்றி எழுத உட்கார்ந்தால் கை தானாகப் பட்டியல் போடத்தான் போகும். பத்துப் படம், பத்துப் பாட்டு, ஆளுக்கொரு வரி பாராட்டு. அந்த மாதிரிப் பட்டியல்கள் ஏற்கெனவே நிறையக் கிடக்கின்றன. நான் சொல்ல வருவது ஒரே ஒரு விஷயம். அது பிடிபட்டுவிட்டால் எந்தப் போர்ப் படத்தையும் வேறு காதோடு கேட்கலாம். சினிமா படித்திருக்க வேண்டாம், சங்கீதமும் தெரிந்திருக்க வேண்டாம். நானே ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் மைக் செட் போடும் வீட்டுப் பிள்ளைதான். சத்தம் எங்கிருந்து வருகிறது, எதுவரை போகும் என்று பார்ப்பது எங்கள் பிழைப்பு. மற்றபடி படம் பார்க்கும் பைத்தியம் உண்டு, அவ்வளவுதான்.

கேள்வி இதுதான். படத்தில் இசை வரும்போது அது படத்துக்குள் இருப்பவர்களுக்கும் கேட்கிறதா, பார்க்கும் நமக்கு மட்டும் கேட்கிறதா?

பாம்பன், மண்டபம் பக்கம் கரைவலை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு பக்கமும் வரிசையாக நின்று ஒருவர் அடியெடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் 'ஏலேலோ' போட்டு இழுப்பார்கள். அம்பாப் பாட்டு. அது இழுக்கிறவர்களுக்குக் கேட்டாக வேண்டும். கேட்காவிட்டால் கை ஒன்றுசேராது, வலை கோணிக்கொள்ளும். சுற்றுலா வந்த ஒரு பையன் அதைப் போனில் எடுக்கிறான். அம்பாப் பாட்டை அணைத்துவிட்டு, மேலே ஒரு சோக வயலினைப் போட்டு ரீல்ஸ் விடுகிறான். அந்த வயலின் வலை இழுத்த ஒருவர் காதிலும் விழவில்லை. ஆனால் வீடியோ பார்க்கிற ஊரெல்லாம் 'பாவம், என்ன கஷ்டம்' என்று உச்சுக் கொட்டுகிறது. அன்றைக்கு நல்ல மீன்பாடு கிடைத்து அவர்கள் சந்தோஷமாக இழுத்திருந்தாலும் அதுதான் நடக்கும்.

அம்பாப் பாட்டு மாதிரி இருப்பதை உள்ளிசை என்று வைத்துக்கொள்வோம். ரீல்ஸ் வயலின் மாதிரி இருப்பது வெளியிசை. சினிமாப் படிப்பில் இதற்குப் பெரிய பெரிய பெயர்கள் உண்டு, நமக்கு இது போதும்.

காதல் படம், பேய்ப் படம் எல்லாவற்றிலும் இந்த இரண்டு இசையும் உண்டுதான். போர்ப் படத்தில் மட்டும் இதற்கு எடை கூடுதல். அங்கே எப்போதும் இரண்டு பக்கம் இருக்கிறது. நாம் எந்தப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறோம் என்பதைப் பெரும்பாலும் வசனமோ கொடியோ சொல்வதில்லை. எந்தப் பக்கத்தின் காதை இயக்குநர் நமக்கு மாட்டிவிட்டிருக்கிறார் என்பதுதான் சொல்கிறது.

விசிலடித்து வந்தவர்கள்

நிஜப் போரிலேயே இசை ஒரு வேலைக்காரன்தான். வயர்லெஸ் வருவதற்கு முன்னால் முன்னேறு, நில், திரும்பு என்று சொன்னதெல்லாம் முரசும் கொம்பும் எக்காளமும். மார்ச் பாட்டு கால்களை ஒன்றுசேர்க்க வந்தது, அம்பாப் பாட்டு கைகளை ஒன்றுசேர்க்கிற மாதிரி. அதனால் உள்ளிசை போர்ப் படத்தில் ரொம்ப இயல்பாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இதில் எல்லாருக்கும் தெரிந்த உதாரணம் 1957-இல் டேவிட் லீன் எடுத்த 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்'. ஜப்பானியர்களிடம் சிறைப்பட்ட பிரிட்டிஷ் சிப்பாய்கள் கிழிந்த பூட்ஸோடு முகாமுக்குள் நடந்து வருகிறார்கள். வாயில் விசில். மெட்டு 'கர்னல் போகி மார்ச்'. 1914-இல் ரிக்கெட்ஸ் என்ற ராணுவ பேண்டு மாஸ்டர் கென்னத் ஆல்ஃபோர்டு என்ற புனைபெயரில் எழுதியது. அந்த மெட்டுக்குச் சிப்பாய்கள் கட்டிய சொற்கள் கொஞ்சம் கெட்ட வார்த்தை ரகம். அதனால்தான் படத்தில் பாட்டாக வராமல் விசிலாக வருகிறது. இங்கேதான் வேடிக்கை. சொல்லே இல்லாமல் வெறும் மெட்டை வைத்துக்கொண்டு சிறைக்காவலனை முகத்துக்கு நேரே திட்டுகிறார்கள். அவனுக்கு அது புரியாது. பிரிட்டிஷ் பார்வையாளனுக்குப் புரியும்.

அடுத்த நிமிடத்தில் நடப்பதைக் கவனியுங்கள். விசில் போய்க்கொண்டிருக்கும்போதே, படத்துக்கு இசையமைத்த மால்கம் ஆர்னால்டு எழுதிய வேறொரு மார்ச் முழு வாத்தியக் குழுவோடு அதன்மேல் ஏறிக்கொள்கிறது. காட்டுக்குள் அத்தனை வாத்தியக்காரர்கள் கிடையாது. விசில் உள்ளிசை, வாத்தியக்குழு வெளியிசை. இரண்டும் கைகோக்கும் அந்தக் கணத்தில் கந்தலாடைக் கைதிகள் நம் கண்ணுக்கு வெற்றிபெற்ற படையாக மாறிவிடுகிறார்கள். ஒன்றும் நடக்கவில்லை, யாரும் யாரையும் சுடவில்லை. இசை மட்டும் உள்ளேயிருந்து வெளியே ஒரு அடி எடுத்து வைத்தது. ஆர்னால்டுக்கு இந்தப் படத்தின் இசைக்காக ஆஸ்கர் கிடைத்தது.

அந்தப் பாலம் கட்டிய இடம் நமக்குப் பக்கம்தான். கதை சயாமில், அதாவது இன்றைய தாய்லாந்தில் நடந்தாலும் படப்பிடிப்பு நடந்தது இலங்கையில், களனி ஆற்றங்கரையில் உள்ள கித்துல்கலையில். இன்னொரு விஷயமும் இருக்கிறது. 1942-43-இல் ஜப்பானியர் போட்ட அந்த நிஜ சயாம் - பர்மா ரயில் பாதையில், மலேயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் ஆயிரக்கணக்கில் காலராவிலும் பட்டினியிலும் செத்தார்கள். படம் பிரிட்டிஷ் கைதிகளின் கதையோடு நின்றுகொள்கிறது. விசில் யாருடையது என்று கேட்டுவிட்டு, விசில் கொடுக்கப்படாதவர்கள் யார் என்றும் ஒருமுறை கேட்டுக்கொள்ளலாம்.

உள்ளிசையின் இன்னொரு குணம், அது எதிரி முகாமுக்குள்ளும் புகுந்துவிடும். 1981-இல் வந்த 'தாஸ் பூட்' ஒரு ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் கதை. கடலுக்கடியில் குழாய்க்குள் அடைபட்ட ஜெர்மன் மாலுமிகள் இசைத்தட்டைப் போட்டுக்கொண்டு, பிரிட்டிஷ் சிப்பாய்களின் பாட்டான 'டிப்பரேரி'யைத் தொண்டை கிழியப் பாடுகிறார்கள். நாஜிக் கட்சி விசுவாசி ஒருவன் மட்டும் முகத்தைச் சுளிக்கிறான். அதே படத்தில் வேறொரு சத்தம் வரும். எதிரிக் கப்பல் தேடி அனுப்பும் ஒலியலை இரும்புச் சுவரில் 'டிங்... டிங்...' என்று வந்து மோதும். அது இசையே இல்லை. ஆனால் அந்தப் படத்தில் எந்த வாத்தியமும் அந்த அளவுக்கு வயிற்றைப் பிசையவில்லை.

எனக்கு மிகப் பிடித்த உள்ளிசை ஸ்டான்லி குப்ரிக்கின் 'பாத்ஸ் ஆஃப் குளோரி'யின் முடிவில் வருவது. அதுவும் 1957-இல் வந்த படம்தான். முதல் உலகப் போர். பிரெஞ்சுத் தளபதிகள் தங்கள் தோல்வியை மறைக்கச் சொந்தச் சிப்பாய்கள் மூன்று பேரைக் கோழைகள் என்று சொல்லிச் சுட்டுவிட்டார்கள். அதன் பிறகு மதுக்கடையில் சிப்பாய்கள் கூட்டம். பிடிபட்ட ஒரு ஜெர்மன் பெண்ணை மேடையில் ஏற்றிப் பாடச் சொல்கிறார்கள். ஊளையிடுகிறார்கள், விசிலடிக்கிறார்கள். அவள் அழுதுகொண்டே ஒரு ஜெர்மன் நாட்டுப்பாடலைத் தொடங்குகிறாள். கூச்சலில் முதலில் அவள் வாய் அசைவது மட்டும்தான் தெரிகிறது. கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தம் அடங்குகிறது. மொழி புரியாதவர்கள் மெட்டை மட்டும் பிடித்துக்கொண்டு கூடவே முனக ஆரம்பிக்கிறார்கள், கண் கலங்குகிறது. வெளியே நிற்கும் கர்னலுக்கு, படை உடனே போர்முனைக்குத் திரும்ப வேண்டும் என்ற உத்தரவு வந்திருக்கிறது. இன்னும் சில நிமிடம் விடு என்று சொல்லிவிட்டு நடக்கிறார். இந்தக் காட்சிக்குப் பின்னால் ஒரு வயலின் போட்டிருந்தால் எல்லாம் கெட்டுப்போயிருக்கும். அந்தப் பெண்ணின் நடுங்குகிற குரலே போதும் என்று விட்டதுதான் கெட்டிக்காரத்தனம்.

2019-இல் வந்த '1917' படத்திலும் இதன் தம்பி மாதிரி ஒரு காட்சி உண்டு. ஆற்றில் அடித்துவரப்பட்டுக் கரையேறியவன் காட்டுக்குள் ஒரு பாட்டுக் குரலைத் தொடர்ந்து போவான். அங்கே ஒரு படைப்பிரிவே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கும். நன்றாக இருக்கிறது, ஆனால் 1957 அளவுக்கு இல்லை.

ஹெலிகாப்டரில் கட்டிய குழாய்

மைக் செட்காரனுக்கு ஒரு படம் என்றால் அது 'அபோகலிப்ஸ் நவ்'தான். 1979, இயக்கம் கொப்போலா, வியட்நாம் போர். ஒரு அமெரிக்க அதிகாரி, கடலோரக் கிராமம் ஒன்றைத் தாக்க ஹெலிகாப்டர் படையோடு போகிறார். ஹெலிகாப்டரில் ஒலிபெருக்கி கட்டியிருக்கிறது, டேப் ரெக்கார்டர் சுழல்கிறது, ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் 'ரைட் ஆஃப் தி வால்கிரீஸ்' அலறுகிறது. எதிரியைப் பயமுறுத்தவும் தன் பையன்களுக்கு ஏறிக்கொள்ளவும் என்று அவரே காரணமும் சொல்கிறார். ஆக இது உள்ளிசை. சுடுகிறவனுக்குக் கேட்கிறது, சுடப்படப்போகிறவனுக்கும் கேட்கும்.

பாட்டு உச்சத்தில் இருக்கும்போது சட்டென்று காட்சி மாறுகிறது. அமைதியான கிராமம். பள்ளிக்கூடம், வெள்ளை உடையில் பிள்ளைகள், நாய் குரைக்கிறது. வாக்னர் இல்லவே இல்லை. ஒரு மூச்சு கழித்துத் தூரத்தில் சன்னமாக அதே இசை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே வருகிறது. ஹெலிகாப்டருக்குள் இருந்தபோது நம் கால் தாளம் போட்டது. கிராமத்து முற்றத்தில் நிற்கும்போது அதே மெட்டு குலையை நடுங்கவைக்கிறது. ஒரு ஸ்வரம்கூட மாறவில்லை. காதை ஹெலிகாப்டரிலிருந்து கழற்றிப் பள்ளிக்கூட முற்றத்தில் வைத்தார்கள், அவ்வளவுதான். இந்தப் படத்தின் ஒலியை வடிவமைத்த வால்டர் மர்ச்சுக்கும் குழுவுக்கும் ஆஸ்கர் கிடைத்தது சும்மா இல்லை.

திருவிழாவுக்குக் குழாய் ஸ்பீக்கர் கட்டியவர்களுக்கு இது உடனே புரியும். குழாய்க்குக் கீழே நிற்பவனுக்கு ஒரு பாட்டு, கச்சான் காற்றில் அது கரைந்துபோய் அரை மைல் தள்ளிக் கேட்பவனுக்கு வேறு பாட்டு. தூரம் போகப் போக உச்சத்தில் இருக்கும் சத்தங்கள் முதலில் உதிரும், வார்த்தை மழுங்கும். எந்த இடத்தில் நின்று கேட்கிறோம் என்பதைச் சத்தத்தின் தேய்மானமே காட்டிக்கொடுத்துவிடும். மர்ச் பயன்படுத்திக்கொண்டது அதைத்தான்.

உச்சிப்புளி பருந்து கடற்படைத் தளத்திலிருந்து ஹெலிகாப்டர் கிளம்பினால் எங்கள் கரையில் எல்லாரும் அண்ணாந்து பார்ப்பார்கள். எந்தப் படகு கரை திரும்பவில்லையோ என்றுதான் முதலில் நினைப்பு ஓடும். இந்தப் படம் தொடங்குவதே ஹெலிகாப்டர் இறக்கைச் சத்தத்தில்தான். அது ஓட்டல் அறையின் மின்விசிறிச் சத்தத்தோடு கலந்துவிடும். ஊருக்கு ஊர் அந்தச் சத்தத்துக்கு அர்த்தம் வேறு.

நமக்கு மட்டும் கேட்பது

வெளியிசையை எல்லாரும் கவனிப்பதால் இதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் இரண்டு படங்களை விட முடியவில்லை. அதற்கு முன் ஒரு வரி 'பிளட்டூன்' (1986) பற்றி. கைவிடப்பட்ட சார்ஜென்ட் கைகளை உயர்த்தியபடி விழும் காட்சிக்கு சாமுவேல் பார்பரின் 'அடாஜியோ ஃபார் ஸ்ட்ரிங்ஸ்' வருகிறது. 1936-இல் எழுதி, 1938-இல் நரம்பு வாத்தியக் குழுவுக்காக அரங்கேறிய இசை. போர்க்களத்தின் எல்லாச் சத்தத்தையும் குறைத்துவிட்டு அதை மட்டும் விடுகிறார்கள். முதல்முறை கேட்டால் நெஞ்சடைக்கும். அதன்பிறகு எங்கே யார் செத்தாலும் அதைப் போட்டுப் போட்டுத் தேய்த்துவிட்டார்கள். அதற்குப் பார்பரைக் குறை சொல்ல முடியாது.

இப்போது விட முடியாத முதல் படம். 2022-இல் வந்த ஜெர்மன் படமான 'ஆல் க்வயட் ஆன் தி வெஸ்டர்ன் ஃப்ரன்ட்'. இசை வோல்கர் பெர்டெல்மான். மொத்தப் படத்துக்கும் அடிநாதம் மூன்றே ஸ்வரம். கனமான, கரகரத்த, வண்டிச் சக்கரம் நசுக்குவது மாதிரியான மூன்று ஸ்வரம். கேட்டால் ஏதோ பெரிய எலெக்ட்ரானிக் கருவி என்று தோன்றும். அது அவருடைய கொள்ளுப்பாட்டியின் ஆர்மோனியம். பழுதுபார்த்து எடுத்து, அதன் ஒலியை ஆம்ப்ளிஃபையர் வழியாக விட்டுக் கரகரப்பு ஏற்றியிருக்கிறார். வள்ளி திருமணம் நாடகத்துக்கு மைக் வைத்த யாருக்கும் ஆர்மோனியத்தின் இந்தக் குணம் தெரியும். மைக்கைக் கிட்டே கொண்டுபோனால் ஸ்வரத்தோடு துருத்தி மூச்சு வாங்குவதும், மரம் முனகுவதும், கட்டை 'டக்' என்று விழுவதும் சேர்ந்து வரும். அதை மறைக்கத்தான் நாங்கள் மைக்கைத் தள்ளி வைப்போம். பெர்டெல்மான் அந்த முரட்டுத்தனத்தைப் பெரிதாக்கிக் காட்டுகிறார். முதல் உலகப் போர் நடந்த காலத்துக் கருவியே இன்றைய ஆம்ப்ளிஃபையர் வழியாக உறுமுகிறது. அந்த மூன்று ஸ்வரமும் எந்தச் சிப்பாய்க்கும் கேட்காது. சாவு கிளம்பிவிட்டது என்று நமக்கு மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. படையில் சேர்ந்த பையன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு சிரிக்கும்போது நாம் சிரிக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறோம். இந்த இசைக்கும் ஆஸ்கர் வந்தது.

இரண்டாவது, நோலனின் 'டன்கிர்க்' (2017). நம் கரைக்காரர்கள் பார்க்க வேண்டிய படம், ஏனென்றால் இதில் படையைக் காப்பாற்றப் போவது சின்னச் சின்னப் படகுகள். 1940-இல் பிரான்ஸ் கடற்கரையில் சிக்கிக்கொண்ட 3,38,000-க்கும் மேற்பட்ட சிப்பாய்களைக் கப்பல்களோடு மீன்பிடிப் படகுகளும் உல்லாசப் படகுகளும் சேர்ந்து மீட்ட நிகழ்ச்சி. ஹான்ஸ் ஜிம்மரின் இசை படம் நெடுக ஏறிக்கொண்டே இருப்பதுபோல் தோன்றும். இப்போது உடைந்துவிடும், இப்போது உடைந்துவிடும் என்று இருக்கும், உடையாது. எப்படி?

ஷெப்பர்டு ஸ்வரம் என்று ஒரு தந்திரம். ரோஜர் ஷெப்பர்டு என்ற அமெரிக்க உளவியலாளர் 1964-இல் விளக்கியது. ஒரே ஸ்வரத்தைக் கீழே மந்திர ஸ்தாயி, நடுவே மத்திய ஸ்தாயி, மேலே தார ஸ்தாயி மூன்றிலும் ஒன்றாக ஒலிக்க விடுகிறார்கள். மூன்றும் சேர்ந்து மேலே ஏறுகின்றன. மேலே போகிறதன் சத்தத்தை மெல்ல மெல்லக் குறைத்து இல்லாமல் ஆக்குகிறார்கள். அதே நேரத்தில் கீழே புதிதாக ஒன்றை, வந்ததே தெரியாமல், மெல்லக் கூட்டுகிறார்கள். நடுவில் இருப்பது முழுச் சத்தத்தோடு ஏறிக்கொண்டே இருக்கிறது. காது ஏறுவதை மட்டும் பிடித்துக்கொள்கிறது. ஒன்று மறைந்ததும் ஒன்று நுழைந்ததும் அதற்குத் தெரியாது. விளைவு, முடிவே இல்லாமல் ஏறும் இசை. நிஜத்தில் அது கிளம்பிய இடத்துக்கே திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கிறது.

நோலன் கதையையும் இப்படியே பின்னினார். கரையில் ஒரு வாரம், கடலில் ஒரு நாள், வானத்தில் ஒரு மணி நேரம். மூன்றும் மாறி மாறி வரும். ஒன்று தணியும்போது இன்னொன்று ஏறும். இது போதாதென்று தன் கடிகாரத்தின் டிக் டிக் ஓசையைப் பதிவுசெய்து அனுப்ப, ஜிம்மர் அதையும் இசைக்குள் வைத்தார். கடைசியில் படகுகள் தெரியும்போது எட்வர்டு எல்கரின் 'நிம்ராட்' மெட்டை, பிரிட்டிஷ்காரர்களுக்குக் கேட்டதும் கண் கலங்கும் அந்த 1899-ஆம் ஆண்டு மெட்டை, இழுத்து இழுத்துத் தருகிறார்கள். நமக்கு எல்கர் யாரென்று தெரியாவிட்டாலும் அத்தனை நேரம் ஏறிக்கொண்டே இருந்தது ஓரிடத்தில் இறங்குகிற நிம்மதி தெரியும்.

இசையை நிறுத்துவது

எப்போது இசை போடக் கூடாது என்று தெரிந்தவரே பெரிய இசையமைப்பாளர். 'சேவிங் பிரைவேட் ரயன்' (1998) படத்தில் இரண்டாம் உலகப் போரில் பிரான்ஸின் நார்மண்டிக் கடற்கரையில் படை இறங்கும் காட்சி இருபது நிமிடத்துக்கும் மேல் ஓடுகிறது. அதில் ஒரு சொட்டு இசை கிடையாது. குண்டு, அலை, அலறல். நடுவில் தளபதியின் காது அடைத்துக்கொள்ள, நமக்கும் சத்தம் தண்ணீருக்குள் கேட்பதுபோல் மங்கிவிடும். ஜான் வில்லியம்ஸ் இத்தனை பெரிய இசையமைப்பாளர், அங்கே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இறந்தவர்களுக்காக அவர் எழுதிய புகழ்பெற்ற பாடகர் குழு இசை, படம் முடிந்து பெயர்கள் ஓடும்போதுதான் முழுதாக வருகிறது.

ஏன் இப்படி? இசை ஒரு வாக்குறுதி கொடுத்துவிடும். வயலின் ஏறினால் ஏதோ நடக்கப்போகிறது, முரசு அடித்தால் நம் ஆள் ஜெயிப்பான் என்று மனம் சாய்ந்துகொள்ள ஒரு திண்ணை கிடைத்துவிடும். இசை இல்லாவிட்டால் அடுத்த குண்டு யாருக்கு என்று தெரியாது. இலங்கையில் போர் நடந்த ஆண்டுகளில் தலைமன்னார்ப் பக்கம் வெடிக்கும் சத்தம் காற்று வாக்கில் தனுஷ்கோடிக் கரைக்குக் கேட்கும் என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். நடுவில் இருப்பது 30 கிலோமீட்டர் கடல்தான். அந்தச் சத்தத்துக்கு முன்னால் எந்த வாத்தியமும் எச்சரிக்கை கொடுக்காது. 'டும்' என்று ஒன்று, அப்புறம் அலை.

தமிழில் இதை 1954-லேயே வேறு விதமாகச் செய்து பார்த்திருக்கிறார்கள். சென்னையில் ஜப்பானியர் குண்டு வீசிய 1943 அக்டோபர்தான் 'அந்த நாள்' படத்தின் காலம். கொலையும் உளவும் கலந்த கதை, ஒரு பாட்டுகூட இல்லை. பாட்டில்லாமல் வந்த முதல் தமிழ்ப் படம். எடுத்தவர் எஸ். பாலசந்தர், சாதாரண ஆள் இல்லை, வீணை வித்வான். ஒரு வித்வானுக்குத்தான் பாட்டை வேண்டாம் என்று சொல்லும் தைரியம் வந்திருக்கிறது!

இன்னொரு வழியும் உண்டு: சம்பந்தமே இல்லாத இசையைப் போடுவது. 'குட் மார்னிங் வியட்நாம்' (1987) படத்தில் ராணுவ வானொலி அறிவிப்பாளர், உலகம் எவ்வளவு அழகு என்று லூயிஸ் ஆர்ம்ஸ்ட்ராங் பாடும் பாட்டைப் போடுகிறார். வானொலியில் தொடங்கிய பாட்டு வெளியே கசிந்து, குண்டு விழும் கிராமங்கள், தடியடி, ரத்தம் எல்லாவற்றின் மேலும் ஓடுகிறது. பாட்டு எதையும் பார்க்காத மாதிரி பாடிக்கொண்டே இருக்கிறது. இலங்கை வானொலி கேட்டு வளர்ந்த கரை எங்களுடையது. 83-க்குப் பிறகு படகில் அகதிகள் வந்து இறங்கிய காலத்திலும் அதே ரேடியோவில் சினிமாப் பாட்டு ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதனால் இந்தக் காட்சி எங்களுக்கு ஒரு சினிமா உத்தியாகப் படுவதில்லை.

நம் படங்களில் கோடு அழிந்துவிடும்

இவ்வளவு நேரம் உள்ளே, வெளியே என்று பிரித்தேன். தமிழ், இந்திப் படங்களுக்கு வந்தால் இந்தக் கோடு பாதி அழிந்துவிடும். நம் படத்தில் பாட்டு என்பது மூன்றாவது இடம். பாடுகிறவனுக்குக் கேட்கிறதா, கேட்கவில்லையா என்று நாம் கேட்பதே இல்லை. இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. போர்ப் படத்தைப் பொறுத்தவரை இது நம் கையில் இருக்கும் பெரிய ஆயுதம் என்பேன்.

1964-இல் வந்த 'கர்ணன்' குருக்ஷேத்திரப் போர்ப் படம்தான். தேர் சாய்ந்து, அம்பு தைத்து, சிவாஜி கிடக்கிறார். சீர்காழி கோவிந்தராஜன் குரலில் 'உள்ளத்தில் நல்ல உள்ளம்' எழுகிறது. கண்ணதாசன் வரிகள், விஸ்வநாதன் - ராமமூர்த்தி இசை. போர் நின்றுவிடுகிறது. ஏன் நின்றது என்று யாரும் கேட்கவில்லை. வஞ்சித்தவனே வஞ்சிக்கப்பட்டவனுக்காகப் பாடுகிற பாட்டு அது. அதை வெறும் வாத்திய இசையால் சொல்ல முடியாது, சொல் வேண்டும். அதே ஆண்டு சீனப் போரை வைத்து வந்த இந்திப் படம் 'ஹக்கீகத்'. மதன் மோகன் இசையில், கைஃபி ஆஸ்மி வரிகளை முகமது ரஃபி பாடுகிறார். செத்துக்கொண்டிருக்கும் சிப்பாய்கள், இனி நாடு உங்கள் பொறுப்பு என்று தோழர்களிடம் சொல்லிப் போவதுபோல் பாட்டு. இறந்தவர்கள் பாடுவது உள்ளிசையா, வெளியிசையா? வெள்ளைக்காரர் போட்ட கணக்கில் அதற்குக் கட்டம் இல்லை.

எங்கள் கரைக்கு இன்னும் நெருங்கிய படம் 'கன்னத்தில் முத்தமிட்டால்' (2002). ராமேஸ்வரத்தில் அகதியாக வந்து இறங்கிய தாய்க்குப் பிறந்த குழந்தையின் கதை. ஏ. ஆர். ரஹ்மானுக்கு இசைக்காகவும் வைரமுத்துவுக்குப் பாடல் வரிகளுக்காகவும் தேசிய விருது கிடைத்தது. ஊரைக் காலிசெய்து மக்கள் மூட்டையோடு நடக்கும்போது 'விடை கொடு எங்கள் நாடே' வருகிறது. அதற்கு முன்குரலாக ரஹ்மான் தேர்ந்தெடுத்தது எம்.எஸ். விஸ்வநாதனை. 'கர்ணன்' படத்துக்கு இசையமைத்த அதே எம்.எஸ்.வி., இப்போது வயதாகி, குரல் கொஞ்சம் உடைந்து. இனிமையான இளம் குரல் ஒன்றைப் போட்டிருந்தால் அது வெறும் பாட்டாகப் போயிருக்கும். இந்தக் குரலில் பின்வாசலைப் பூட்டிவிட்டுத் திரும்பித் திரும்பிப் பார்க்கிற ஒரு தாத்தா இருக்கிறார். மண்டபம் அகதி முகாமில் இந்தப் படம் ஓடும்போது இந்தப் பாட்டுக்கு மட்டும் எழுந்து வெளியே போய்விடுகிறவர்களை எனக்குத் தெரியும்.

போருக்கு இசை என்றால் முரசு மட்டும் நினைவுக்கு வருவதும் சரியில்லை. புறநானூறு 281-ஐ எடுத்துப் பாருங்கள், அரிசில் கிழார் பாடியது. போரில் புண்பட்டு வந்தவனை வீட்டில் கிடத்தியிருக்கிறார்கள். வாசலில் இரவ மரத்துத் தழையும் வேம்பும் செருகி, யாழும் பல வாத்தியங்களும் ஒலிக்க, வெண்சிறு கடுகு தூவி, ஆம்பல் குழல் ஊதி, மணி அடித்து, காஞ்சிப் பண் பாடி, வீடெங்கும் புகை போட்டு அவன் புண்ணைக் காப்போம் வா என்று ஒருத்தி தோழியை அழைக்கிறாள். இன்றைய போர்ப் படங்கள் பலவற்றில் நாயகன் நடந்தாலே அடிவயிற்றில் இடிக்கிற டிரம்ஸ் போடுகிறார்கள். அடிபட்டவனின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒலிக்கும் இசையை யாரும் யோசித்த மாதிரி தெரியவில்லை. ஒரு இயக்குநராவது இந்த ஒரு பாட்டை அப்படியே காட்சியாக எடுத்தால் தேவலை.

சரி, எங்கே தொடங்குவது? 'பாத்ஸ் ஆஃப் குளோரி'யின் கடைசிக் காட்சியில் தொடங்குங்கள், சில நிமிடம்தான். அப்புறம் 'அபோகலிப்ஸ் நவ்' ஹெலிகாப்டர் காட்சியைக் கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை கேளுங்கள். எந்த நொடியில் உங்களைக் கிராமத்தில் இறக்கிவிட்டார்கள் என்று கண்ணைத் திறக்காமலே சொல்லிவிடுவீர்கள். மூன்றாவதாக 'ஆல் க்வயட்'. 'டன்கிர்க்'கைக் கடைசிக்கு வையுங்கள், ஆனால் போன் ஸ்பீக்கரில் மட்டும் பார்க்காதீர்கள். ஷெப்பர்டு ஸ்வரத்தில் கீழே புதிதாக நுழைகிற ஸ்தாயியைப் போனின் குட்டி ஸ்பீக்கர் விழுங்கிவிடும், பாதித் தந்திரம் காணாமல் போய்விடும். நல்ல ஹெட்போன் இல்லாவிட்டால் தெரிந்த மைக் செட்காரரிடம் ஒரு பாக்ஸ் வாங்கிப் போடுங்கள். முகூர்த்தம் இல்லாத நாளாகப் பார்த்துக் கேட்டால் வாடகையில் கொஞ்சம் குறைப்பார்கள்.